அரசு மருத்துவத்தை விட்டு விலகும் இங்கிலாந்தின் உளச்சிகிச்சையாளர்கள் (1948–2023)

இங்கிலாந்தின் அரசு நலவாழ்வுச் சேவையான என்.எச்.எஸ்.ஸை விட்டு உளச்சிகிச்சையாளர்கள் விலகிச் சொந்தமாகத் தொழில் தொடங்குவதற்குச் சம்பளக் குறைவே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. சம்பளத்துக்கும் அதில் பங்குண்டு. ஆனால் நோயாளியோடு எவ்வளவு நேரம், எத்தனை முறை, எந்த வகையில் பேசுவது என்னும் முடிவு சிகிச்சையாளரின் கையை விட்டுப் போனதே அதைவிட வலுவான காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

விலகுவதற்கான வழி தொடக்கத்திலேயே இருந்தது. 1948 ஜூலை 5 அன்று சேவை தொடங்கியபோது, சிறப்பு மருத்துவர்களை இணங்க வைப்பதற்காக, அவர்கள் தனியாகவும் நோயாளிகளைப் பார்க்கலாம் என அமைச்சர் அனைரின் பெவன் விட்டுக்கொடுத்தார். 1920இல் லண்டனில் தோன்றிய, உளப்பகுப்பாய்வுக்குப் பெயர்பெற்ற டாவிஸ்டாக் மருத்துவமனையும் 1948இல் சேவையோடு இணைந்தது. அரசுப் பணியையும் சொந்த நோயாளிகளையும் ஒருங்கே வைத்துக்கொள்வது உளப்பகுப்பாய்வாளர்களிடையே புதிதன்று.

சட்டமும் தடையாக நிற்கவில்லை. உளச்சிகிச்சைத் தொழிலை முறைப்படுத்த வேண்டும் என்று 1971இல் ஃபாஸ்டர் அறிக்கையும் 1978இல் சீகார்ட் அறிக்கையும் பரிந்துரைத்தன. 2007இல் அரசே அதற்குத் திட்டமிட்டு, 2011இல் கைவிட்டது. உளவியலாளர்களுக்கு 2009இல் சட்டப் பதிவு வந்தது. ‘உளச்சிகிச்சையாளர்’, ‘ஆலோசகர்’ ஆகிய பெயர்களுக்கு இன்றுவரை அத்தகைய பாதுகாப்பு இல்லை. தன்னார்வப் பதிவேடு ஒன்றில் பெயரும் வாடகைக்கு ஓர் அறையும் இருந்தால் தொழில் தொடங்கிவிடலாம்.

திருப்பம் 2006இல் நேர்ந்தது. பொருளியலாளர் ரிச்சர்ட் லேயார்டின் குழு வெளியிட்ட மனச்சோர்வு அறிக்கை, ஒருவருக்குச் சுமார் 750 பவுண்டு செலவில் சிகிச்சை தரலாம், அவர் வேலைக்குத் திரும்பும்போது அச்செலவு அரசுக்கே மீளும் என்று கணக்கிட்டது. 10,000 சிகிச்சையாளர்கள் தேவை என்றது. அந்த அறிக்கையின் வழியில் உருவான என்.எச்.எஸ். உளச்சிகிச்சைத் திட்டம், டான்காஸ்டரிலும் நியூஹாமிலும் முன்னோட்டம் கண்டு, 2008இல் நாடெங்கும் விரிந்தது. லேயார்டோடு இதை வடிவமைத்தவர் உளவியலாளர் டேவிட் கிளார்க். இன்று ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கட்டணமின்றிச் சிகிச்சை பெறுகின்றனர். அந்தச் சாதனையைக் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆனால் வேலை செய்வோருக்கு அத்திட்டம் வேறொன்றாக இருந்தது. குடும்ப மருத்துவர்களின் மருத்துவமனைகளில் 1990களில் பரவலாக அமர்ந்திருந்த ஆலோசகர்கள் பலருக்கு, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை மையமாகக் கொண்ட புதிய அமைப்பில் இடமில்லாமல் போயிற்று. அவர்களின் விலகலையே முதல் அலை என்று நான் கருதுகிறேன். உள்ளே வந்தவர்களுக்கோ அளவுகோல்கள் காத்திருந்தன. ஒவ்வொரு சந்திப்பிலும் நோயாளி மனச்சோர்வு, பதற்றம் குறித்த வினாத்தாள்களை நிரப்ப வேண்டும். சிகிச்சையை முடித்தோரில் பாதிப்பேர் குணமடைய வேண்டும் என்பது இலக்கு. தொடக்கநிலைப் பணியாளர் அரை மணிநேரச் சந்திப்புகளாக, பெரும்பாலும் தொலைபேசியில், நாள் முழுதும் அடுத்தடுத்து நோயாளிகளைப் பார்க்கிறார். அழுதுகொண்டிருப்பவரிடம் நேரம் முடிந்தது என்று சொல்ல வேண்டிய நிலை எந்தச் சிகிச்சையாளரையும் வாட்டும். 2017இல் வெளியான ஓர் ஆய்வில், அத்தகைய தொடக்கநிலைப் பணியாளர்களில் 68.6 விழுக்காட்டினரிடமும், மேல்நிலைச் சிகிச்சையாளர்களில் 50 விழுக்காட்டினரிடமும் பணிச்சோர்வு காணப்பட்டது.

2020இன் பெருந்தொற்று, உள்ளே இருந்தவர்களின் விலகலான இரண்டாம் அலைக்கு வேகம் தந்தது. காணொளிவழிச் சிகிச்சை இயல்பானதும், அறை வாடகைகூடத் தேவையற்றதாயிற்று. அரசுச் செலவில் பயிற்சி பெற்றவர், வீட்டிலிருந்தபடியே, தாம் விரும்பிய எண்ணிக்கையில், தாம் தீர்மானித்த கால அளவில் நோயாளிகளைப் பார்க்க முடிந்தது. இதைப் பேராசை என்று ஒதுக்குவது நியாயமன்று. தொழிலைக் கைவிடாமலிருக்கப் பலருக்கு எஞ்சிய வழி அதுவே.

2023இல் திட்டத்தின் பெயர் ‘என்.எச்.எஸ். பேச்சுச் சிகிச்சைகள்’ என்று மாறியது. அளவுகோல்கள் மாறவில்லை. நான்கில் மூவருக்கு ஆறு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்ற விதி முதல் சந்திப்பைத்தான் கணக்கில் கொள்கிறது. இரண்டாவதற்காகக் காத்திருக்கும் காலம் அதில் சேராது. அந்த இடைவெளியில் வசதியுள்ளவர் தனியாரிடம் போய்விடுகிறார். குணமடைவோர் விகிதம் ஏற்கெனவே குறைவாக உள்ள ஏழ்மையான பகுதிகளில், விலகிய சிகிச்சையாளரின் நோயாளிகள் அடுத்தவரின் பட்டியலில் சேர்க்கப்படுகின்றனர்.