நிகழ்நிலை நூலகமும் அதன் அளவுகோலும்

நூலகத்தின் பெருமையை அது கொண்ட நூல்களின் தொகையால் மதிப்பிடுதல் நெடுநாள் வழக்கு. அவ்வழக்கை மாற்ற முயன்றோருள் முதன்மையாக எண்ணத்தக்கவர் சீ. இரா. அரங்கநாதன் ஆவர். 1924 ஆம் ஆண்டிலே சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற அவர், 1931 இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். நூல்கள் பயன்படுதற்கே உரியன என்பது அவற்றுள் முதலாவது. வாசகர் நேரத்தைக் காத்தல் வேண்டும் என்பது நான்காவது. கணினி நூலகத்துட் புகுந்த பின்னரும் இவ்விதிகளே சேவையின் தகுதியை அறிதற்கு உரைகல்லாய் நிற்கின்றன.

நிகழ்நிலைச் சேவை முதலிலே நூலகப் பணியாளரின் சுமையைக் குறைத்தற்பொருட்டே எழுந்தது. ஒரே நூலுக்கு ஒவ்வொரு நூலகமும் தனித்தனியே பட்டியற் பதிவு எழுதுதல் வீண் உழைப்பன்றோ? இதனை நீக்கக் கருதிய ஒகாயோ மாநிலக் கல்லூரிகள் 1967 இல் ஒரு பொது நிலையத்தை அமைத்தன. பிரெட் கில்கூர் என்பார் அதனை நடத்தினார். 1971 ஆகத்து 26 இல் ஒகாயோ பல்கலைக்கழகத்தின் ஓல்டன் நூலகத்திலே நிகழ்நிலைப் பட்டியலாக்கம் தொடங்கியது. முதனாளிலே 133 நூல்கள் பதிவாயின.

பட்டியலைத் தொடர்ந்து கட்டுரைகளும் திரையில் வந்தன. யோன்சு ஒப்கின்சு பல்கலைக்கழகம் 1993 இல் தொடங்கிய மியூசு திட்டமும், 1995 இல் நிறுவப்பெற்ற ஜேஸ்டோரும் ஆய்விதழ்களை மாணவர் இருக்குமிடத்துக்கே கொணர்ந்தன. ஆயின், வாசகர் நூலகரின் கண்ணுக்கு மறைந்தனர். எவர் எதனைப் பயன்படுத்தினர் என்பதை வெளியீட்டாளர் தரும் கணக்கே உரைத்தது; அக்கணக்கும் ஒருவருக்கொருவர் வேறுபட்டது. ஆதலின், 2002 இல் தோன்றிய கவுண்டர் அமைப்பு, 2003 இல் ஒரு பொது நெறியை வகுத்தது. ஒருவர் ஒரே கட்டுரையைச் சில வினாடிகளுள் இருமுறை அழுத்தித் திறப்பின், அதனை ஒன்றாகவே கொள்ளல் வேண்டும் என்பது அந்நெறியின் ஒரு கூறாகும்.

எனினும், எண்ணிக்கை பயனைக் காட்டுமேயன்றி நிறைவைக் காட்டாது. பன்முறை தேடிய மாணவர் ஆர்வத்தாற் றேடினரோ, கிடையாமையாற் றேடினரோ என்பதை எண் கூறாது. இக்குறையை நிரப்ப, அமெரிக்க ஆய்வு நூலகங்களின் சங்கமும் டெக்சாஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகமும் 2000 ஆம் ஆண்டிலே 'லிப்குவால்' என்னும் வினாமுறையைத் தொடங்கின. வணிகச் சேவையை அளத்தற்குப் பரசுராமன், சைதாம்ல், பெரி ஆகிய மூவர் 1988 இல் வெளியிட்ட அளவுகோலே இதற்கு அடிப்படை. ஒவ்வொரு சேவைக்கும் வாசகர் பொறுக்கத்தக்க தாழ்ந்த நிலை, விரும்பும் நிலை, பெறும் நிலை என்னும் மூன்றையும் குறிப்பர். பெறும் நிலை தாழ்ந்த நிலைக்கும் கீழே செல்லுமிடத்து உடனே திருத்தம் வேண்டும் என்பது புலனாகும்.

இவ்விரு முறைகளும் தம்முள் துணையாவன. ஆயினும் இரண்டுக்கும் அகப்படாதோர் உளர். கருவியும் இணைப்பும் இல்லாத மாணவர் எண்ணிக்கையிலும் தோன்றார். நிகழ்நிலை வினாவுக்கு விடையும் எழுதார். 2020 இற் பெருந்தொற்றினால் இலங்கைப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, அவற்றின் கற்றற் றளங்களை மாணவர் கட்டணமின்றி அணுக ஏற்பாடு செய்யப்பட்டமை இவ்வுண்மையை உணர்ந்த செயலாகும். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது அரங்கநாதனின் இரண்டாம் விதி. வந்தவரை எண்ணுவதோடு அமையாது, வராதவரையும் தேடிச்சென்று வினாவும் நூலகமே அவ்விதியை நிறைவேற்றியதாகும்.