எழுபது வயதில் வேலை மாறிய கோச்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் அமோஸ் அலோன்சோ ஸ்டாக் என்ற பெயர் ரொம்பப் பிரபலம். 1862-ல் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்தவர். பாதிரியார் ஆகும் எண்ணத்தில்தான் யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆனால் மேடைப் பேச்சு அவருக்குச் சரிவரவில்லை. மைதானத்தில் இளைஞர்களை நல்வழிப்படுத்துவதும் ஊழியம்தான் என்று பயிற்சியாளர் ஆகிவிட்டார்.

1892 மார்ச்சில் ஸ்பிரிங்ஃபீல்டில் பார்வையாளர்கள் முன் நடந்த முதல் கூடைப்பந்து ஆட்டத்தில் ஆசிரியர் அணிக்காக ஆடினார். மாணவர்கள் 5-1 என்று ஜெயித்தார்கள். அந்த ஒரு புள்ளி ஸ்டாக் போட்டது!

அதே வருடம் புதிதாகத் தொடங்கிய சிகாகோ பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. தலைவர் வில்லியம் ஹார்ப்பர் யேலில் அவருடைய ஆசிரியர். சம்பளம் வருடத்துக்கு 2,500 டாலர், கூடவே பேராசிரியர் அந்தஸ்து. கோச் என்றால் சீசனுக்கு வந்துபோகும் ஆள் என்றிருந்த காலத்தில் இது பெரிய விஷயம். முதல் வருடம் ஆள் பற்றாக்குறை, அதனால் அணியில் அவரே இறங்கி ஆடினார்.

அமெரிக்கன் ஃபுட்பால் (நம்மூர் கால்பந்து இல்லை) அணிக்கு 41 சீசன் பயிற்சி தந்தார். பேஸ்பால், தடகள அணிகளும் பல வருடங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. கூடைப்பந்தையும் ஒரு சீசன் பார்த்துக்கொண்டார். கெட்ட வார்த்தை வாயில் வராது. ரொம்பக் கோபம் வந்தால் 'கழுதை' என்பார், அவ்வளவுதான். 1905-ல் 56 ஆட்டங்களாகத் தோல்வியே காணாத மிச்சிகனை 2-0 என்று அவர் அணி வீழ்த்தியது.

ஆனால் 1920-களின் பின்பாதியில் அணி சரிந்தது. 1929-ல் வந்த புதிய தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸுக்குப் படிப்புதான் முக்கியம். 70 வயதானால் ஓய்வு என்பது விதி. கோச்சிங் இல்லாத வேறு பொறுப்பு தர முன்வந்தார்கள். ஸ்டாக் மறுத்துவிட்டு, 1933-ல் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டனில் இருந்த சிறிய பசிபிக் கல்லூரிக்குப் போனார்.

சிகாகோ 1939-ல் மிச்சிகனிடம் 85-0 என்று தோற்றது. அந்த வருடக் கடைசியில் ஃபுட்பால் அணியையே கலைத்துவிட்டார்கள். 1942 டிசம்பரில், அவர் பெயர் தாங்கிய ஸ்டாக் ஃபீல்டின் பார்வையாளர் மாடத்துக்கு அடியில்தான் மனிதன் உருவாக்கிய முதல் அணுக்கருத் தொடர்வினை நடந்தது. அடுத்த வருடம் ஸ்டாக் 81 வயதில் 'ஆண்டின் சிறந்த பயிற்சியாளர்' ஆனார்!

1946-ல் பசிபிக்கை விட்டபோது அவருக்கு 84 வயது. அடுத்து சஸ்குவெஹானா பல்கலைக்கழகத்தில் மகனோடு சேர்ந்து பயிற்சி தந்தார். ஃபுட்பாலில் அவருடைய 314 வெற்றிகள் என்ற சாதனையை 1981-ல்தான் பேர் பிரையன்ட் முறியடித்தார். ஸ்டாக் 1965-ல் தன் 102-வது வயதில் காலமானார்.

சிகாகோவின் முடிவைத் தவறென்று சொல்லிவிட முடியாது. அணி தோற்றுக்கொண்டிருந்தது, விதியும் எல்லோருக்கும் பொதுவானது. ஆனால் பிறந்த தேதியை மட்டும் பார்க்கும் விதி, அந்த மனிதரிடம் இன்னும் எவ்வளவு வேலை பாக்கி இருக்கிறது என்று பார்ப்பதில்லை. ஸ்டாக்கிடம் இன்னும் இருபது வருட வேலை பாக்கி இருந்தது.