கட்டிடத் தன்னியக்கப் பிணையம்

கட்டிடத் தன்னியக்கப் பிணையம் என்பது ஒரு கட்டிடத்தில் உள்ள குளிர்சாதனம், விளக்குகள், மின்தூக்கி, நீரேற்றி, மின்னாக்கி, தீ எச்சரிக்கை, கதவுக் கட்டுப்பாடு முதலிய வெவ்வேறு அமைப்புகளைப் பொதுவான ஓர் எண்முறைத் தரவுப் பிணையத்தில் இணைக்கும் ஏற்பாடு ஆகும். இவ்வாறு இணைக்கப்பட்ட அமைப்புகள் தம்முள் தகவல் பரிமாறிக்கொள்கின்றன. அவற்றை ஒரே இடத்தில் இருந்து கண்காணிக்கவும் இயக்கவும் முடிகிறது. இதற்கெனக் கட்டிடத்தில் வைக்கப்படும் மென்பொருளும் கணினித் திரைகளும் சேர்ந்து கட்டிட மேலாண்மை அமைப்பு எனப்படுகின்றன.

கணினி இருப்பதால் மட்டும் ஒரு கட்டிடம் இவ்வகையில் சேர்வதில்லை. குளிர்சாதனத்துக்கு ஒரு கணினி, மின்தூக்கிக்கு ஒரு கணினி, கண்காணிப்புப் படக்கருவிகளுக்கு ஒரு கணினி எனத் தனித்தனியே இயங்கும் கட்டிடங்களே மிகுதி. அவற்றுக்கிடையே பொதுமொழி ஒன்று இருக்கிறதா என்பதே இங்கு முதன்மையான கேள்வி.

தேவை

எடுத்துக்காட்டாக, சேலம் மாவட்டம் ஆத்தூரில் நான்கு மாடிகள் கொண்ட தனியார் மருத்துவமனை ஒன்று கட்டப்படுவதாகக் கொள்வோம். அறுவை அரங்கின் குளிர்சாதனம் ஒரு நிறுவனத்திடமும், மின்தூக்கி வேறொரு நிறுவனத்திடமும், தீ எச்சரிக்கைக் கருவிகள் மூன்றாவது நிறுவனத்திடமும் வாங்கப்படும். டீசல் மின்னாக்கியும் மாடித் தொட்டிக்கு நீர் ஏற்றும் மோட்டாரும் உள்ளூர்க் கடைகளில் இருந்து வரும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டி உண்டு.

கோடைப் பிற்பகலில் மின்சாரம் நின்றுவிட்டால் மின்னாக்கி இயங்கத் தொடங்கும். எல்லாக் கருவிகளும் ஒரே நொடியில் மின்சாரம் கேட்டால் மின்னாக்கி அந்தச் சுமையைத் தாங்காது நின்றுவிடக்கூடும். முதலில் அறுவை அரங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவும், பின்னர் மின்தூக்கி, அதன் பின்னர் நீரேற்றி, கடைசியில் வரவேற்பறைக் குளிர்சாதனம் என்று வரிசைப்படுத்த வேண்டும். கருவிகள் ஒன்றையொன்று அறியாத நிலையில் இந்த வரிசையைக் காப்பவர் மின்பணியாளர் ஒருவரே. அவர் சாப்பிடப் போயிருக்கும் வேளையில் மின்தடை வராது என்று எவரும் உறுதி கூற இயலாது. பிணையம் இருந்தால் மின்னாக்கியின் நிலையை மற்ற கட்டுப்படுத்திகள் தாமே படித்து, தமக்குரிய முறை வரும் வரை காத்திருக்கும்.

வரலாறு

அறைகளின் வெப்பநிலையைத் தானாகக் கட்டுப்படுத்தும் முயற்சிகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டன. அமெரிக்கப் பேராசிரியர் வாரன் ஜான்சன் 1883-இல் மின் வெப்பநிலைக் கட்டுப்படுத்திக்குக் காப்புரிமை பெற்றார். 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பெரிய கட்டிடங்கள் அழுத்தக் காற்றினால் கட்டுப்படுத்தப்பட்டன. மெல்லிய குழாய்களில் செல்லும் காற்றின் அழுத்தம் கூடவும் குறையவும் அதற்கேற்ப வால்வுகள் திறந்து மூடின. 1980-களில் நுண்செயலிகள் மலிவான பின்னரே நேரடி எண்முறைக் கட்டுப்பாடு பரவியது.

அத்துடன் புதிய சிக்கலும் வந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தன் கருவிகளுக்கெனத் தனி நெறிமுறையை வகுத்துக்கொண்டது. ஒரு நிறுவனத்தின் கட்டுப்படுத்தியை வாங்கிய கட்டிட உரிமையாளர், பின்னர் கட்டிடத்தை விரிவாக்கும்போதும் பழுது நீக்கும்போதும் அதே நிறுவனத்திடமே செல்ல வேண்டியிருந்தது. விலையை நிறுவனம் முடிவு செய்தது. பொதுத் தரம் வேண்டும் என்ற குரல் எழுந்ததற்கு, தொழில்நுட்ப ஆர்வத்தை விட இந்தப் பொருளாதாரக் கட்டாயமே பெரிய காரணம் எனலாம்.

பேக்நெட்

பேக்நெட் இத்துறையில் உலகெங்கும் மிகுதியாகப் பயன்படும் திறந்த நெறிமுறை ஆகும். அமெரிக்க வெப்பமூட்டல், குளிர்பதன, வளிப்பதனப் பொறியாளர் கழகமான ஆஷ்ரே இதை உருவாக்கியது. அதற்கான குழு 1987-இல் நாஷ்வில் நகரில் முதன்முறை கூடியது. கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் நியூமன் குழுவின் தலைவராக இருந்தார். கருவி விற்பவர்களும் வாங்குபவர்களும் ஒரே மேசையில் அமர்ந்து விவாதித்ததால் வேலை முடிய எட்டு ஆண்டுகள் ஆயின. 1995-இல் இது ஆஷ்ரே தரம் 135 என வெளியானது. 2003-இல் பன்னாட்டுத் தர அமைப்பு இதனை ஐஎஸ்ஓ 16484-5 என ஏற்றது. சான் பிரான்சிஸ்கோவில் உள்ள பிலிப் பர்ட்டன் நடுவண் அரசுக் கட்டிடம் இந்நெறிமுறையைப் பேரளவில் சோதித்துக் காட்டிய தொடக்ககாலக் கட்டிடங்களுள் ஒன்று.

பேக்நெட்டின் அடிப்படைக் கருத்து எளிமையானது. ஒரு கருவியின் உள்ளே என்ன மின்சுற்று இருக்கிறது என்பதை மற்ற கருவிகள் அறியத் தேவையில்லை. கருவி தன்னைச் சில 'பொருள்'களின் தொகுப்பாக வெளிக்காட்டினால் போதும். வெப்பநிலை உணரி என்பது தொடர் உள்ளீடு என்னும் வகைப் பொருள். மோட்டாரை இயக்கும் அல்லது நிறுத்தும் ஆளி இரும வெளியீடு என்னும் வகைப் பொருள். கால அட்டவணை, நாட்காட்டி, பதிவேடு முதலியனவும் பொருள்களே. ஒவ்வொரு பொருளுக்கும் பெயர், தற்போதைய மதிப்பு, அலகு, பழுது நிலை என்று பண்புகள் உண்டு. பண்பைப் படி, பண்பை எழுது, மதிப்பு மாறினால் அறிவி என்பன போன்ற கட்டளைகள் சேவைகள் எனப்படுகின்றன. புதிதாகப் பிணையத்தில் சேரும் கணினி 'யார் யார் இருக்கிறீர்கள்' என்று பொதுவாகக் கேட்கும். கருவிகள் ஒவ்வொன்றும் 'நான் இருக்கிறேன்' என்று தன் எண்ணைச் சொல்லும். சேவைகளின் பெயர்களே ஏறத்தாழ இப்படித்தான் அமைந்துள்ளன.

இச்செய்திகள் பல வகை ஊடகங்களில் செல்லலாம். மாடிகளில் உள்ள சிறு கட்டுப்படுத்திகள் பெரும்பாலும் ஆர்எஸ்-485 என்னும் முறுக்கிய இரட்டைக் கம்பியில் இணைக்கப்படுகின்றன. ஒரே கம்பியைப் பலரும் பகிர்வதால் பேசும் உரிமை ஒரு வில்லையைப் போலக் கைமாறுகிறது. வில்லை யாரிடம் உள்ளதோ அந்தக் கருவி மட்டுமே பேசலாம். பேசி முடித்ததும் அடுத்த எண்ணுக்குத் தந்துவிட வேண்டும். வில்லை பெறக்கூடிய கருவிகளுக்கு 0 முதல் 127 வரை எண்கள் உண்டு. இரண்டு கருவிகளுக்குத் தவறுதலாக ஒரே எண் இடப்பட்டால் அக்கம்பி முழுவதும் தடுமாறும். கம்பி ஏறத்தாழ 1200 மீட்டர் வரை செல்லலாம். அதன் இரு முனைகளிலும் 120 ஓம் அளவிலான மின்தடை வைக்கப்பட வேண்டும். தரவுக் கம்பியை மின்கம்பிகளுடன் ஒரே குழாயில் இழுத்துவிடுவதும் முனை மின்தடைகளை மறந்துவிடுவதும் களத்தில் அடிக்கடி காணப்படும் தவறுகள். மென்பொருளில் நாட்கணக்கில் தேடப்படும் பழுது இறுதியில் ஒரு சிறு மின்தடையில் முடிவதுண்டு.

மாடிகளை ஒன்றோடொன்று இணைக்கும் முதுகெலும்புப் பிணையமாக ஈதர்நெட் பயன்படுகிறது. 1999-இல் இணைய நெறிமுறையின் வழியே பேக்நெட் செய்திகளை அனுப்பும் முறை தரத்தில் சேர்க்கப்பட்டது. இதற்கு ஒதுக்கப்பட்ட துறை எண் 47808. இவ்வெண்ணைப் பதினாறடிமான முறையில் எழுதினால் பேக்நெட் என்னும் ஆங்கிலப் பெயரின் முதல் மூன்று எழுத்துகளும் ஒரு சுழியும் வரும். தரம் எழுதுவோருக்கும் நகைச்சுவை உண்டு போலும்.

முன்னுரிமை வரிசை

ஒரே விசிறியை நிறுத்துமாறு ஒரு கட்டளையும் இயக்குமாறு இன்னொரு கட்டளையும் வந்தால் எதைக் கேட்பது? பேக்நெட் இதற்கு 16 படிகள் கொண்ட முன்னுரிமை வரிசை ஒன்றை வகுத்துள்ளது. முதல் இரு படிகள் உயிர்ப் பாதுகாப்புக்கு உரியவை. ஐந்தாம் படி முதன்மையான கருவிகளின் காப்புக்கும், எட்டாம் படி இயக்குநர் கையால் தரும் கட்டளைக்கும் உரியவை. நாள்தோறும் இயங்கும் கால அட்டவணை இதற்கும் கீழ்ப் படிகளில் எழுதப்படும். மேற்படியில் உள்ள கட்டளை விலக்கப்படும் வரை கீழ்ப்படிக் கட்டளைக்குப் பயன் இல்லை.

இந்த அழகான ஏற்பாடே வீணடிப்புக்கும் வழி வகுக்கிறது. ஒரு விழா நாளில் கூடத்தின் குளிர்சாதனத்தை இரவிலும் இயங்கச் செய்யுமாறு இயக்குநர் எட்டாம் படியில் கட்டளை இடுகிறார். மறுநாள் அதை விலக்க மறந்துவிடுகிறார். அட்டவணை ஒவ்வொரு மாலையும் 'நிறுத்து' என்று எழுதிக்கொண்டே இருக்கும். குளிர்சாதனம் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். மின்கட்டணம் ஏன் உயர்ந்தது என்று தேடுவோர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

பிற நெறிமுறைகள்

மோட்பஸ் 1979-இல் மோடிகான் நிறுவனத்தால் தொழிற்சாலைகளுக்கென உருவாக்கப்பட்டது. வெறும் எண்ணிட்ட பதிவகங்களைப் படிப்பதும் எழுதுவதுமே அதன் வேலை. எந்தப் பதிவகத்தில் என்ன இருக்கிறது என்பதற்குக் கருவியின் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும். ஆயினும் மின் அளவிகள், மோட்டார் வேக மாற்றிகள் பலவற்றில் இது கிடைப்பதால், சேலம், நாமக்கல், ஆத்தூர் வட்டார ஆலைகளில் வேலை பழகிய மின்பணியாளருக்கு முதலில் அறிமுகமாகக்கூடியது இதுவே. ஐரோப்பாவில் கேஎன்எக்ஸ் செல்வாக்குப் பெற்றது. எச்செலான் நிறுவனத்தின் லான்வொர்க்ஸ் ஒரு காலத்தில் பேக்நெட்டின் நேர்ப் போட்டியாக இருந்தது. விளக்குகளுக்கென உள்ள டாலி தரத்தில் ஓர் இணைப்பில் 64 விளக்குக் கருவிகள் வரை முகவரி பெறலாம். மொழிகள் வேறுபடும் இடத்தில் நுழைவாயில் என்னும் மொழிபெயர்ப்புக் கருவி வைக்கப்படும்.

தீப் பாதுகாப்பு

2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தாவின் தாக்குரியா பகுதியில் உள்ள ஆம்ரி மருத்துவமனையின் அடித்தளத்தில் தீப்பற்றியது. சுமார் 90 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மேல் மாடிகளில் இருந்த நோயாளிகள். தீ அவர்களை எட்டவில்லை, புகை எட்டியது. 1997-இல் தில்லி உபகார் திரையரங்கில் 59 பேர் இறந்ததற்கும் பெரிதும் புகையே காரணமாக இருந்தது.

குளிர்காற்றைச் சுமக்கும் குழாய்கள் புகையையும் அதே எளிமையுடன் சுமக்கும். ஆகவே தீ எச்சரிக்கை ஒலித்தவுடன் அப்பகுதியின் காற்று விசிறிகள் நிற்க வேண்டும். குழாய்களில் உள்ள தீத் தடுப்பு மடல்கள் மூட வேண்டும். மின்தூக்கி தரைத்தளத்துக்கு வந்து கதவைத் திறந்து நிற்க வேண்டும். பூட்டிய வெளியேறும் வழிகள் விடுபட வேண்டும். இவை நான்கும் நான்கு வெவ்வேறு அமைப்புகளின் வேலைகள். அமைப்புகளை இணைப்பதன் உண்மையான மதிப்பு மின்சேமிப்பை விட இங்கேதான் வெளிப்படுகிறது.

ஆனால் இவ்விணைப்பைப் பொதுப் பிணையத்தை மட்டும் நம்பி விடுவதில்லை. தீ எச்சரிக்கை அமைப்பு தன் சொந்தக் கம்பிகளுடனும் மின்கலத்துடனும் தனித்து இயங்க வேண்டும் என்பதே ஏற்கப்பட்ட நடைமுறை. விசிறியை நிறுத்தும் கட்டளை நேரடியான மின் தொடர்பு வழியாகச் செல்லும். பிணையம் அந்நிகழ்வைத் திரையில் காட்டவும் பதிவு செய்யவும் பயன்படும். கணினி செயலிழந்தாலும் விசிறி நிற்க வேண்டும். விலையைக் குறைப்பதற்காக நேரடிக் கம்பிகளை நீக்கிவிட்டு மென்பொருளை மட்டும் நம்புவது ஆபத்தான சிக்கனம்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் இத்தகைய அமைப்புகள் தகவல் தொழில்நுட்ப வளாகங்களின் வழியே பரவின. சென்னை தரமணியில் டிட்கோ, எல்காட் ஆகிய அரசு நிறுவனங்கள் கூட்டாக உருவாக்கிய டைடல் பூங்காவை 2000 சூலை 4 அன்று பிரதமர் வாஜ்பாய் திறந்து வைத்தார். இங்கு குளிர்ச்சியை முன்கூட்டியே உண்டாக்கிச் சேமித்து வைத்துப் பின்னர் பயன்படுத்தும் வெப்பச் சேமிப்பு அமைப்பு நிறுவப்பட்டது. குளிர்விப்பான், நீரேற்றிகள், வால்வுகள், சேமிப்புத் தொட்டிகள் யாவும் மணிப்பொழுதுக்கு ஏற்ப ஒத்திசைந்து இயங்கினால்தான் இவ்வகை அமைப்பால் பயன் உண்டு. 2010 செப்டம்பரில் கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் பசுமைக் கட்டிடத்துக்கான லீட் தங்கச் சான்று பெற்றது.

இந்திய அரசின் ஆற்றல் சேமிப்புக் கட்டிட நெறித்தொகுப்பு 2007-இல் வெளியாகி 2017-இல் திருத்தப்பட்டது. 100 கிலோவாட் அல்லது அதற்கு மேற்பட்ட இணைப்புச் சுமை உடைய வணிகக் கட்டிடங்கள் இதன் வரம்பில் வருகின்றன. மாவட்டத் தலைநகரான சேலம் 2016-இல் நடுவண் அரசின் சீர்மிகு நகரங்கள் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஆத்தூர் போன்ற நகராட்சிகள் அத்திட்டத்தில் இடம்பெறவில்லை. இத்தகைய ஊர்களில் திருமண மண்டபம், மருத்துவமனை, துணிக்கடை ஆகியவையே பெரிய கட்டிடங்கள். முழு மேலாண்மை அமைப்பு இவற்றுக்குச் செலவு மிகுந்தது. மின் அளவி, மின்னாக்கி, நீர்த்தொட்டி, தீ எச்சரிக்கை ஆகிய நான்கை மட்டும் திறந்த நெறிமுறையில் இணைத்துத் தொடங்குவது நடைமுறைக்கு ஏற்றது. கருவி வாங்கும் ஒப்பந்தத்தில் பேக்நெட் அல்லது மோட்பஸ் வசதியையும் பதிவகப் பட்டியலையும் கேட்டுப் பெறாவிட்டால், பின்னர் அவற்றைப் பெறக் கூடுதலாகச் செலவிட நேரலாம்.

ஊடுருவல் சிக்கல்

தொடக்ககாலப் பேக்நெட், மோட்பஸ் ஆகியவற்றில், கட்டளை இடுபவர் யார் என்று சரிபார்க்கும் வழக்கம் இல்லை. பிணையம் கட்டிடத்துக்குள்ளேயே அடங்கியிருந்த காலத்தில் அது பெரிய குறையாகத் தோன்றவில்லை. தொலைவில் இருந்து பழுது பார்க்கும் வசதிக்காக அதே பிணையம் இணையத்தில் திறக்கப்பட்டபோது நிலைமை மாறியது. 2013-இல் சிட்னி நகரில் உள்ள கூகுள் அலுவலகத்தின் கட்டிட மேலாண்மை அமைப்புக்குள் இணையம் வழியே நுழைய முடிவதைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டறிந்து அந்நிறுவனத்துக்குத் தெரிவித்தனர். 2016 நவம்பரில் பின்லாந்தின் லப்பேன்ரந்தா நகரில் இரு குடியிருப்புக் கட்டிடங்களின் வெப்பமூட்டல் கட்டுப்பாடு, சேவை மறுப்புத் தாக்குதலால் முடங்கியது. பனிக்காலத்தில் வெப்பம் இன்றி மக்கள் அவதியுற்றனர்.

இதற்கு விடையாக, செய்திகளை மறையாக்கம் செய்து, சான்றிதழ் உள்ள கருவிகளை மட்டுமே அனுமதிக்கும் பாதுகாப்பான பேக்நெட் இணைப்பு முறை 2019-இல் வெளியிடப்பட்டது. எனினும் கட்டிடக் கருவிகள் 15, 20 ஆண்டுகள் வரை மாற்றப்படாமல் இயங்குபவை. ஆகவே பழைய கருவிகள் உள்ள கட்டிடங்களில், கட்டிடப் பிணையத்தை அலுவலகக் கணினிகளின் பிணையத்தில் இருந்து பிரித்து வைத்தல், இணையத்தில் நேரடியாகத் திறக்காதிருத்தல், நிறுவியவர் வைத்த தொடக்கக் கடவுச்சொல்லை மாற்றுதல் ஆகியவை இன்றும் முதல் காப்பாக உள்ளன.