ராயபுரம் ஸ்டேஷன் சொன்ன பாடம்

காசிமேட்டு இளைஞர் ஒருவர் சென்ற மாதம் என்னிடம் யோசனை கேட்க வந்தார். பொறியியல் பட்டம் பெற்றவர்.

"சார், வேலைக்கு மனுப் போடும்போது எங்கள் வீட்டு விலாசத்தை விட்டுவிட்டு, அண்ணா நகரில் இருக்கும் சித்தப்பா வீட்டு விலாசத்தை எழுதலாமா?" என்றார்.

ஒரு கம்பெனியில் நேர்முகத் தேர்வு நடத்தியவர், "ஓ, காசிமேடா?" என்றாராம். அதற்குப் பிறகு படிப்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம்.

எனக்கு உடனே பதில் தோன்றவில்லை. "வாருங்கள் தம்பி, சற்று நடந்துவிட்டு வரலாம்" என்று ராயபுரம் ரயில் நிலையத்துக்கு அழைத்துப் போனேன்.

தென்னிந்தியாவில் பயணிகள் ரயில் முதன்முதலாகப் புறப்பட்ட இடம் அது. 1856 ஜூன் 28-ஆம் தேதி கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்து வைத்தார். ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை வண்டி ஓடிற்று. மண் வெட்டிக் கல் சுமந்து பாதை போட்டவர்கள் நம் ஜனங்கள்தாம். எஞ்சின் ஓட்ட மட்டும் சீமையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். புதிய தொழிலாயிற்றே, வரட்டும். ஆனால் பல்லாண்டுகள் சென்ற பிறகும் என்ன நடந்தது? இந்தியர் கரி அள்ளிப் போடலாம், எண்ணெய் விடலாம், ஷண்டிங் செய்யலாம்; மெயில் வண்டியின் டிரைவர் பதவியோ வெள்ளையருக்கும் ஆங்கிலோ-இந்தியருக்குமே பெரும்பாலும் உரியதாயிருந்தது. ஆபத்து வேளையில் இந்தியருக்கு நிதானம் போதாது என்று காரணம் சொன்னார்கள்.

இத்தனைக்கும் மதம், பிறந்த இடம், குலம், நிறம் காரணமாக எவருக்கும் கும்பெனி உத்தியோகத்தை மறுக்கக் கூடாது என்று 1833-ஆம் ஆண்டுச் சாசனச் சட்டத்தின் 87-ஆவது பிரிவு சொல்லியிருந்தது! சட்டம் ஏட்டில் இருந்தது, எஞ்சினில் ஏறவில்லை.

சலுகை பெற்ற ஆங்கிலோ-இந்தியரின் கதையையும் பாருங்கள். தாய் தந்தையரில் ஒருவர் இந்தியர் என்பதற்காகவே 1791-இல் அவர்களுடைய முன்னோருக்குக் கும்பெனியின் சிவில், ராணுவ உத்தியோகங்களின் கதவு சாத்தப்பட்டது. ரயில் வந்ததும் அதே கலப்பு ரத்தம் தகுதியாகிவிட்டது! மனிதர்கள் மாறவில்லை, ஆள்வோரின் தேவை மாறிற்று. சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டம், 336-ஆவது பிரிவின்படி, ரயில்வே முதலிய இலாகாக்களில் அவர்களுக்கு இருந்த தனிச் சலுகையைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பத்து ஆண்டுகளில், 1960-இல், முடித்தது. தலைமுறை தலைமுறையாக ரயிலையே நம்பி வேறு தொழில் பழகாத குடும்பங்கள் தவித்தன. பல குடும்பங்கள் கடல் கடந்தன. முத்திரை ஒருவருக்குப் பூட்டு, ஒருவருக்குச் சாவி. கடைசியில் இருவருக்கும் விலங்குதான்.

ஒருவனைத் தண்ணீரில் இறங்கவிடாமல் கரையிலேயே நிறுத்திவைத்து, "இவனுக்கு நீச்சல் தெரியாது" என்று தீர்ப்புச் சொல்வது எவ்வளவு சுலபம்! பிற்காலத்தில் எஞ்சினில் ஏற விட்டபோது இந்தியர் மெயில் வண்டியையும் ஓட்டினார்கள். நிதானம் எங்கிருந்தோ புதிதாக வந்துவிடவில்லை. இடம்தான் புதிதாகக் கிடைத்தது.

இளைஞர் மௌனமாகத் தூண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சித்தப்பா விலாசத்தில் எனக்கு வேலை கிடைத்தாலும், காசிமேட்டுக்காரனுக்கு வேலை தெரியாது என்ற எண்ணம் அப்படியே இருக்கும் இல்லையா, சார்?" என்றார்.

நான் தலையசைத்தேன். உபதேசம் செய்ய நாக்கு எழவில்லை. பசியும் பொறுப்பும் அவருடையவை. எனக்கென்ன, பேசிவிட்டுப் போகலாம்.

எந்த விலாசத்தை எழுதினார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கேள்வி கேட்கப்பட வேண்டியவர் அவரல்லவே. மேஜைக்கு அந்தப்புறம் உட்கார்ந்திருந்தவர் அல்லவா?