துப்பாக்கி யார் கையில்?

பதினெட்டு வயது நிறைந்த வாலிபன் வாக்குச்சாவடிக்குள் தலைநிமிர்ந்து நுழைகிறான். ஆட்சியை ஆக்கவும் அகற்றவும் வல்ல ஆற்றல் அவன் விரல்நுனி மையிலே இருக்கிறது. அதே வயதிலே மோட்டார் வண்டி ஓட்டும் உரிமமும் பெறுகிறான். ஆனால், அந்த வண்டியிலே ஒரு துப்பாக்கியை வைத்துக்கொண்டு விருதுநகரிலிருந்து ஆமத்தூர் வரை அவன் போகலாமா? போகக்கூடாது என்கிறது சட்டம். இருபத்தொரு வயது நிறையும்வரை வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது, எடுத்துச் செல்லவும் கூடாது.

"நாடாளும் வாக்கை நம்பிக் கொடுக்கும் அரசு, துப்பாக்கியை மட்டும் நம்பிக் கொடுக்க மறுப்பானேன்? இது இளைஞனை இழிவுபடுத்துவதன்றோ?" என்று கேட்போர் உண்டு. கேள்வி கேட்பவனை அடக்குவது ஆரியத்தின் வழி. கேள்விக்கு விடை தேடுவது பகுத்தறிவின் வழி. ஆகவே தேடுவோம். படைக்கலம் யார் கையில் இருக்கலாம், யார் கையில் இருக்கலாகாது என்று காலந்தோறும் வகுத்தவர் யார்? எந்த அளவுகோலைக் கொண்டு வகுத்தனர்? வரலாற்றைக் கேட்டால் வரிசையாகச் சொல்லும்.

முதல் அளவுகோல் பிறப்பு. மனுநூலின் எட்டாம் அத்தியாயம், தருமத்துக்குத் தடை நேரும்போது இருபிறப்பாளர் படைக்கலம் ஏந்தலாம் என்று இடம் தருகிறது. நான்காம் வருணத்தானுக்கு அங்கே இடமில்லை. மற்ற மூவர்க்கும் பணிவிடை செய்வதே அவனுக்கு விதித்த தொழில் என்று முதல் அத்தியாயமே முடித்துவிட்டது. ஏகலைவன் கதையை எண்ணிப் பாருங்கள். வேடர் குலத்தில் பிறந்தான் என்பதற்காக அவனுக்கு வில்வித்தை கற்பிக்க மறுத்தார் துரோணர். தானே கற்றுத் தேர்ந்தான். தேர்ந்தவனிடம் காணிக்கையாகக் கட்டைவிரலைக் கேட்டு வாங்கினார் ஆசான். கதைதானே என்று கடந்துவிடலாகாது. கதை எந்த நீதியைப் போற்றி வளர்த்ததோ, அந்த நீதிதான் நாட்டிலே நடமாடிற்று. வில்லைப் பிடிக்கும் விரலின் தகுதியை எவரும் பார்க்கவில்லை. விரலுக்குரியவன் பிறந்த குலத்தைத்தான் பார்த்தனர்.

இரண்டாம் அளவுகோல் இனம். அதனைக் கொண்டுவந்தவன் வெள்ளையன். அவன் அதற்கு முன்னோட்டம் பார்த்த களம் நமது தென்சீமை. 1799 அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றிலே கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். பாஞ்சாலங்குறிச்சியோடு சேர்ந்து நின்ற பாளையங்கள் பறிமுதலாயின. இன்று விருதுநகர் மாவட்டத்தில் இருக்கும் ஏழாயிரம்பண்ணையும் அவற்றுள் ஒன்று. கோட்டைகளை இடியுங்கள், படைக்கலங்களை ஒப்படையுங்கள் என்று ஆணையிட்டான் மேஜர் பானர்மேன்.

அத்துடன் அடங்கிற்றா தென்னாடு? இல்லை. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினான் ஊமைத்துரை. இடித்த கோட்டை மீண்டும் எழுந்தது. ஈட்டியும் வல்லயமும் வளரியும், வெள்ளையனின் பீரங்கியை எதிர்த்து நின்றன. மே மாதம் கோட்டை வீழ்ந்தது. அக்டோபர் 24-ஆம் நாள் மருது சகோதரர்கள் திருப்பத்தூரிலே தூக்கிலிடப்பட்டனர். நவம்பரில் ஊமைத்துரையும் உயிர் துறந்தான். பிறகு, 1801 டிசம்பர் முதல் நாள், சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை விடுத்தான். பொதுமன்னிப்பு ஒரு கையில். படைக்கலப் பறிப்பு மறு கையில். சரணடைந்தவனுக்கு உயிர் உண்டு, ஆயுதம் இல்லை!

தெற்கே பார்த்த பாடத்தை, 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பிறகு துணைக்கண்டம் முழுமைக்கும் நடத்தினான். 1878-இல் வைசிராய் லிட்டன் காலத்திலே ஆயுதச் சட்டம் பிறந்தது. அதே ஆண்டில்தான் தாய்மொழி ஏடுகளின் வாயைக் கட்டும் சட்டமும் பிறந்தது என்பதை மறவாதீர்கள். எழுதுகோலையும் துப்பாக்கியையும் ஒருசேரக் கண்டு அஞ்சியது அந்த ஆட்சி. ஆயுதச் சட்டம் எல்லாரையும் கட்டிற்றா? அதுதான் இல்லை. ஐரோப்பியருக்கு விதிவிலக்கு; ஆங்கிலோ-இந்தியருக்கு விதிவிலக்கு; பட்டம் பெற்ற பெருமக்களுக்கும் விதிவிலக்கு. உழுது விதைத்து, காட்டுப்பன்றியிடம் வெள்ளாமையைப் பறிகொடுத்து நிற்கும் உழவன் மட்டும் உரிமச் சீட்டுக்காகக் கச்சேரி வாசலில் காத்துக் கிடக்கவேண்டும். இந்த இனவேறுபாடு விதிகளிலிருந்து நீங்குவதற்கு, முதல் உலகப் போர் முடிந்து 1920 பிறக்கவேண்டியிருந்தது.

இவ்விரு அளவுகோல்களையும் கண்டு நெஞ்சு கொதிப்பது இயல்பு. "பறித்ததுதானே பாவம்? எல்லார் கையிலும் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டால் சமத்துவம் வந்துவிடுமே!" என்று தோன்றுவதும் இயல்பு. ஆனால், துப்பாக்கிக்குச் சமத்துவம் தெரியாது. தாங்குபவனின் தலைக்குள் இருப்பதைத்தான் அது வெடிக்கும்.

சான்று தொலைவிலே இல்லை. 1911 ஜூன் 17-ஆம் நாள், மணியாச்சி நிலையத்திலே நின்ற இரயில் பெட்டியில் நெல்லைக் கலெக்டர் ஆஷ் அமர்ந்திருந்தார். கைத்துப்பாக்கியோடு வந்த இருபத்தைந்து வயது வாலிபர் வாஞ்சிநாதன் அவரைச் சுட்டு வீழ்த்தினார். பிறகு தம்மையும் சுட்டு மாண்டார். அவரது அஞ்சாமையை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால், அவர் சட்டைப் பையிலே கிடைத்த கடிதம் என்ன சொல்லிற்று? சனாதன தருமம் அழிக்கப்படுகிறதே என்று அது அரற்றிற்று; ஜார்ஜ் மன்னரைப் பஞ்சமன் என்று சொல்லி இழித்தது. ஆளும் வெள்ளையனை வசைபாட அவருக்குக் கிடைத்த மிகக் கடுமையான சொல், தம் நாட்டிலேயே தாழ்த்திவைக்கப்பட்டோரின் பெயர்! துப்பாக்கி புதியது, அயல்நாட்டுச் சரக்கு. அதனை ஏந்திய கருத்தோ பழையது, மனுவின் சரக்கு. கருவி மாறினால் கருத்து மாறிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

கடல் கடந்தும் பார்ப்போம். படைக்கலம் ஏந்தும் உரிமையை 1791-இலேயே அரசியற் சட்டத்தில் எழுதிவைத்த நாடு அமெரிக்கா. அங்கேயேனும் சமத்துவம் உண்டா? அடிமைத்தளை அறுந்த 1865-ஆம் ஆண்டிலேயே, விடுதலை பெற்ற கருப்பர் துப்பாக்கி வைத்திருக்கலாகாது என்று மிசிசிப்பி மாநிலம் சட்டம் செய்தது. நூறாண்டு கழிந்தது. கலிபோர்னியாவிலே கருஞ்சிறுத்தைக் கட்சியின் இளைஞர்கள், குண்டு பொதிந்த துப்பாக்கிகளோடு காரிலே சென்று, கருப்பரைத் துன்புறுத்தும் காவலர்களைக் கண்காணித்தனர். அன்றைய சட்டம் அதற்கு இடங்கொடுத்தது. உடனே விழித்துக்கொண்டது ஆளும் வர்க்கம்! 1967-இல் மல்ஃபோர்டு சட்டம் வந்தது. பொது இடத்திலும் வண்டியிலும் குண்டு பொதிந்த துப்பாக்கி கொண்டு செல்வது குற்றமாயிற்று. கையொப்பமிட்டவர் கவர்னர் ரீகன். வெள்ளையன் ஏந்தியபோது உரிமை. கருப்பன் ஏந்தியபோது ஆபத்து! இவ்வளவுக்கும் மேலாக, இன்று அந்நாடு கண்டுவரும் பலன் என்ன? 2020 முதல், ஒன்றிலிருந்து பத்தொன்பது வயது வரையுள்ள பிள்ளைகளைக் கொல்வதில் துப்பாக்கி, மோட்டார் விபத்தையும் முந்திவிட்டது. உரிமை என்ற பெயரால் அவர்கள் இடும் காவு பிள்ளைகளின் உயிர்!

இனி நம் நாட்டுக்கு மீள்வோம். 1931-இல் கராச்சி காங்கிரசு, விதிமுறைகளுக்கு உட்பட்டுப் படைக்கலம் வைத்திருக்கும் உரிமை குடிமக்களுக்கு உண்டு என்று தீர்மானம் செய்தது. அதனை நினைவூட்டி, 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையிலே எச். வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். எதிர்த்தவர் யார்? டாக்டர் அம்பேத்கர்! வில்லும் வாளும் மட்டுமல்ல, ஏடும் எழுத்தும் மறுக்கப்பட்ட மக்களின் தலைவர். அவர் நினைத்திருந்தால், "பறித்ததைத் திருப்பிக் கொடு" என்று முழங்கியிருக்கலாம். அவரோ, தனிமனிதன் படைக்கலம் ஏந்தும் உரிமையைவிட, நாட்டுக்கு நெருக்கடி நேரும்போது ஏந்தவேண்டிய கடமையே வலியுறுத்தத் தக்கது என்றார். திருத்தம் தோற்றது. அமைதியாக, ஆயுதமின்றிக் கூடும் உரிமையே அடிப்படை உரிமைகளின் வரிசையில் இடம்பெற்றது.

அந்த அடிப்படையில் எழுந்ததே 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். 1962 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. உரிமம் இன்றித் துப்பாக்கி இல்லை. முதலில் அது குறித்த வயது பதினாறு. 1983-இல் திருத்தி இருபத்தொன்றாக உயர்த்தினர். துப்பாக்கி சுடும் போட்டிக்குப் பயிற்சி பெறும் இளையோருக்கு மட்டும், பன்னிரண்டு வயது நிறைந்தபின், விதிகளுக்கு உட்பட்டு வழி விட்டுள்ளனர். உரிமம் பெற்றவர்க்கும் கட்டுப்பாடு உண்டு. 2016-ஆம் ஆண்டின் விதிகள், பொது இடத்தில் துப்பாக்கியை உறையிலிட்டு, மறைத்து, தம் கட்டுப்பாட்டிலேயே வைத்திருக்கவேண்டும் என்கின்றன. ஐயத்துக்கு இடமான முறையிலே படைக்கலம் கொண்டு செல்பவரை, உரிமம் இருப்பினும், பிடியாணையின்றிக் கைது செய்யலாம். காவலர் மட்டுமல்லர்; இரயிலிலும் வண்டியிலும் பணிபுரிவோரும் அதனைச் செய்யலாம் என்கிறது இருபதாம் பிரிவு. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்போருக்கு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இரண்டாண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை.

ஆக, மூன்றாம் அளவுகோல் வயது. இதுவும் முந்தைய இரண்டும் ஒன்றா? ஆழ்ந்து எண்ணுங்கள் தோழர்களே! ஏகலைவன் ஆயிரம் ஆண்டு காத்திருந்தாலும் துரோணரின் பள்ளியிலே அவனுக்கு இடமில்லை. 1878-இன் உழவன் எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் வெள்ளைத்தோல் பெறப்போவதில்லை. பிறப்பும் நிறமும் கடக்க முடியாத மதில்கள். வயதோ எல்லாரும் நடந்து கடக்கும் வாயில். ஜமீன்தார் மகனும் அங்கே காத்திருக்கவேண்டும். தீப்பெட்டி ஒட்டும் தாயின் மகனும் காத்திருக்கவேண்டும். எல்லாரையும் சமமாகக் காக்கவைக்கும் சட்டத்திலே இழிவு இல்லை.

இழிவு எங்கே இருக்கிறதோ அங்கே கேளுங்கள். குடகு நாட்டிலே, குடகர் இனத்தில் பிறந்தோருக்கும் ஜம்மா நிலம் உடையோருக்கும், வெள்ளையன் காலத்தில் தந்த உரிம விலக்கு இன்னும் நீடிக்கிறது. 2019-இல் நடுவண் அரசு அதனை 2029 வரை நீட்டித்தது. பிறப்பைப் பார்த்துத் தரும் இந்தச் சலுகை, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்னும் கொள்கைக்கு எப்படிப் பொருந்தும்? பகுத்தறிவாளன் எழுப்பவேண்டிய கேள்வி இது.

மற்றொன்றும் காணுங்கள். 1983-இல் துப்பாக்கியின் வயது பதினாறிலிருந்து இருபத்தொன்றாக ஏறிற்று. ஆறே ஆண்டுகள், 1989 மார்ச்சில் வாக்கின் வயது இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாக இறங்கிற்று. ஒரு கருவியை இளைஞன் கையிலிருந்து தள்ளி வைத்தார்கள். மற்றொரு கருவியை முன்கூட்டியே கையிலே கொடுத்தார்கள். எது வலிமை மிக்கது? விருதுநகரையே கேளுங்கள். ஒன்பது ஆண்டு முதலமைச்சராக வீற்றிருந்த காமராசரை, 1967-இல் அவர் பிறந்த ஊரிலேயே, பெ. சீனிவாசன் என்னும் மாணவர் தலைவர் 1,285 வாக்குகளில் வென்றார். தோற்ற தலைவரின் பெருமை குன்றவில்லை; வென்ற இளைஞர் கையிலே ஆயுதமும் இல்லை. தோட்டா செய்ய முடியாததை வாக்குச்சீட்டு செய்தது. ஒரு துளி இரத்தமும் சிந்தவில்லை.

நமது வட்டாரத்தாருக்கு வெடிமருந்தின் இயல்பை எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. வெடியுப்பும் கந்தகமும் கரியும் கூடினால் என்ன ஆகும் என்பதைக் கைகளிலே தழும்பாக எழுதி வைத்திருக்கிறார்கள் நம் தொழிலாளர்கள். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியிலே மூண்ட தீயில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் கருகின. பட்டாசு ஏற்றிய லாரி ஒவ்வொன்றுக்கும் 1884-ஆம் ஆண்டு வெடிபொருட் சட்டத்தின் விதிகள் உண்டு. மருந்துக்கு முகம் பார்க்கத் தெரியாது என்பதால் விதி வேண்டியிருக்கிறது. துப்பாக்கிக்கும் அதே நியாயந்தான்.

ஆனால், தோழர்களே, நம் பகுதி இளைஞனின் வண்டியிலே துப்பாக்கி இருக்கிறதா என்பதன்று என் கவலை. இருக்கைக்கு அடியிலே அரிவாள் இருக்கிறதே, அதுதான் கவலை. வயலுக்கும் வீட்டுக்கும் உரிய கருவியைச் சட்டம் ஆயுதமென்று கொள்வதில்லை. கதிர் அறுக்கும்வரை அது கருவி. சாதியின் பெயரால் கழுத்தை நாடும்போது அது கொலைக்கலம். 1997-இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டியதற்காகத் தென்மாவட்டங்களிலே கலவரம் மூண்டது. பேருந்தின் நெற்றியிலே ஒரு பெயரைப் பொறுக்க முடியாமல் மனிதனை மனிதன் வெட்டினான்! முடிவில் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் மாவட்டங்களிலிருந்தும் கழகங்களிலிருந்தும் அரசு நீக்கவேண்டியதாயிற்று. அங்கே வெட்டியது இரும்பா? இல்லை. இரும்பை ஏந்தவைத்த வருணம்!

வண்டியிலே எதை வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்லும். நெஞ்சிலே எதை வைத்துக்கொள்ளலாகாது என்று நாம்தான் சொல்லவேண்டும். சாதியைச் சுமந்து செல்பவன் இருபத்தொன்று அல்ல, அறுபது வயதை எட்டினாலும் ஆயுதம் ஏந்தத் தகுதியற்றவன். சாதியை இறக்கி வைத்தவனுக்கோ ஆயுதமே தேவைப்படாது. ஆமத்தூர் சாலையில் வண்டியோட்டிச் செல்லும் தம்பிமார்களே, இருக்கையைத் தூக்கிப் பாருங்கள். அரிவாள் இருந்தால் வயலுக்கு அனுப்புங்கள். அந்த இடத்திலே ஒரு புத்தகம் இருக்கட்டும். அதற்கு எந்தக் கலெக்டரின் உரிமமும் வேண்டியதில்லை!