உழுதவனும் உதவித்தொகையும்

உழவரைக் காக்க அரசு வழங்கும் பணம் உழுபவன் கையை அடைகின்றதா என்பது எந்நாட்டிலும் எழும் வினா. அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில் பாயின்செட் என்னும் கவுண்டியின் வரலாறு அதற்கு ஒரு விடை கூறும்.

1929இல் தொடங்கிய பெருமந்தத்தில் பருத்தி விலை வீழ்ந்தது. விளைச்சலைக் குறைத்தால் விலை உயரும் என எண்ணிய ரூசுவெல்ட் அரசு, 1933 மே மாதத்தில் வேளாண்மைச் சீரமைப்புச் சட்டத்தை இயற்றியது. அக்கோடையில் ஏறத்தாழ 1 கோடி ஏக்கர் பருத்திப் பயிர் உழுது அழிக்கப்பட்டது. அதற்கு ஈடாக அரசு பணம் தந்தது.

அப்பணம் எவரிடம் சென்றது? ஒப்பந்தம் நிலவுடைமையாளரோடு செய்யப்பட்டது. வாரக்குடிகளின் பங்கை அவரே பிரித்தளிக்க வேண்டும். பலர் அதனைக் குடிகளின் கடனுக்கு வரவு வைத்துக்கொண்டனர். சிலர் கொடாமலே விட்டனர். சாகுபடிப் பரப்புக் குறையவே, குடிகள் பலர் நிலத்தினின்று வெளியேற்றவும் பட்டனர்.

1934 சூலையில் அக்கவுண்டியின் டைரோன்சா ஊரருகே 11 வெள்ளையரும் 7 கறுப்பரும் ஒருங்கு கூடித் தென்னகக் குத்தகை உழவர் சங்கத்தைத் தோற்றுவித்தனர். நிறவேற்றுமை வேரூன்றிய அம்மண்ணில் இஃது அரிய செயலாகும். அவர்கள் அடியும் சிறையும் கண்டனர். குடிகளுக்காகத் தலைநகரில் வாதாடிய சட்ட அலுவலர் செரோம் பிராங்க், 1935 பிப்ரவரியில் துணைவர் சிலருடன் பதவி இழந்தார்.

சட்டத்தின் நோக்கம் நன்றே. ஆயினும் பணம் செல்லும் வழியில் நிற்பவர் யார் என்பதே அதன் பயனை முடிவு செய்தது.