பிரசவ அறைக்கு வெளியே நிறுத்தப்பட்ட கன்னியர்

1915 அக்டோபர். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் கண் மருத்துவராகப் பெயரெடுத்துக்கொண்டிருந்த 28 வயது மேரி குளோரியின் கைக்கு ஒரு சிறு பிரசுரம் வந்து சேர்ந்தது. ஆக்னஸ் மெக்லாரன் என்ற ஸ்காட்லாந்துப் பெண் மருத்துவரின் வாழ்க்கையைச் சொல்லும் பிரசுரம் அது. ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட வழியில்லாமல் இந்தியப் பெண்கள் பிரசவத்திலேயே சாவதையும், பிறந்த குழந்தைகள் கண் விழிக்கும் முன்னே போய்விடுவதையும் அதில் படித்த மேரி, தான் எதற்காக டாக்டர் ஆனோம் என்பது அன்றே விளங்கிவிட்டதாக உணர்ந்தார். இந்தியா போவது என்று முடிவு. கன்னியாஸ்திரியாகப் போவது என்றும் முடிவு.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தால் சிக்கலே இல்லை. இரண்டும் வேண்டும் என்றபோதுதான் ரோமாபுரியின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. அன்றைய கத்தோலிக்கத் திருச்சபையின் விதிப்படி துறவற வார்த்தைப்பாடு கொடுத்த பெண் மருத்துவத் தொழில் செய்யக் கூடாது. பிரசவம் பார்ப்பதைப் பற்றிப் பேச்சே கிடையாது.

இந்தத் தடை எங்கிருந்து வந்தது? 1215-ல் ரோமில் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், குருக்கள் அறுப்பதும் சுடுவதுமான ரணசிகிச்சை செய்யக் கூடாது என்று விதித்தது. பலிபீடத்தில் அப்பத்தைத் தொடும் கையால் ஓர் உயிர் போய்விடக் கூடாது என்ற அச்சம் அதன் பின்னால் இருந்தது. அந்தக் காலத்து அறுவை மருத்துவத்தின் லட்சணத்தை நினைத்தால் அந்த அச்சத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மருத்துவம் மாறிய பிறகும் விதி மாறவில்லை. 1917-ல் தொகுக்கப்பட்ட திருச்சபைச் சட்டம், குருக்கள் தனி அனுமதி இல்லாமல் மருத்துவம் செய்யக் கூடாது என்றது. குருக்களுக்கான கட்டுப்பாடுகள் துறவியருக்கும் பொருந்தும் என்றும் சொன்னது. அதற்கு முன்பே, 1901-ல் ரோம் வெளியிட்ட நெறிமுறைகள், பேறுகால உதவியைத் தன் பணியாகக் கொள்ளும் பெண் துறவற சபைக்கு அங்கீகாரம் தருவதில்லை என்று வைத்திருந்தன. கற்பு வார்த்தைப்பாடு கொடுத்தவள் நிற்கத் தகுந்த இடம் பிரசவ அறை அல்ல என்பது அவர்களின் எண்ணம். அந்த எண்ணத்துக்கு விலை கொடுத்தவர்கள் ரோமில் இல்லை. அவர்கள் ராவல்பிண்டியிலும் குண்டூரிலும் கயிற்றுக் கட்டிலில் வலியோடு கிடந்தார்கள்.

ஆக்னஸ் மெக்லாரன் அந்த ராவல்பிண்டிக்குத்தான் வருகிறார். 1837-ல் எடின்பரோவில் பிறந்தவர். தந்தை டங்கன் மெக்லாரன் அந்த நகரின் நாடாளுமன்ற உறுப்பினர். மகளுக்கோ மருத்துவம் படிக்க ஆசை. எடின்பரோ பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் தர மறுத்துக்கொண்டிருந்த காலம். (நம் சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது என்பதை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளலாம்.) ஆக்னஸ் பிரான்சின் மோன்பெலியே போய், 1878-ல், நாற்பதைத் தாண்டிய வயதில் பட்டம் வாங்கினார். பிரெஞ்சுக் கடற்கரை ஊரான கானில் நல்ல தொழில், நல்ல பெயர். 61 வயதில் கத்தோலிக்கரானார். அந்த வயதில் ஓய்வெடுக்கத்தான் யாரும் நினைப்பார்கள். ராவல்பிண்டியில் மறைப்பணி செய்துகொண்டிருந்த குரு டாமினிக் வாக்னர் பெண் மருத்துவர் வேண்டும் என்று விடுத்த அழைப்பு காதில் விழுந்ததும், இவர் லண்டனில் ஒரு குழுவை அமைத்தார், பணம் திரட்டினார், எழுபதைத் தாண்டிய பிறகு தாமே இந்தியாவுக்குக் கப்பலேறி வந்தார். 1909-10 வாக்கில் ராவல்பிண்டியில் புனித கத்தரீனம்மாள் மருத்துவமனை எழுந்தது.

கட்டடம் எழுந்தது, ஆனால் நிலைத்து நிற்க டாக்டர் இல்லை. திரைக்குப் பின்னால், கொஷா முறையில் வாழ்ந்த பெண்ணை அயல் ஆண் தொட முடியாது. திரைக்கு வெளியே நின்று, உறவுக்காரர் சொல்வதைக் கேட்டு மருந்து சொல்வதோடு ஆண் மருத்துவரின் வேலை முடிந்துவிடும். குழந்தை குறுக்கே கிடந்தால் அதனால் என்ன பயன்? சம்பளத்துக்கு வரும் பெண் மருத்துவர்களோ ஓரிரு ஆண்டுகளில் திரும்பிவிடுவார்கள். ஆயுள் முழுக்க அங்கேயே கிடக்கத் தயாராக இருந்தவர்கள் கன்னியர் மட்டும்தான். அவர்களுக்கு விளக்கைப் பிடிக்க அனுமதி உண்டு. ஆயுதத்தைப் பிடிக்க இல்லை. அதே காலத்தில் வேலூரில் ஐடா ஸ்கடர் போன்ற சீர்திருத்த சபை மருத்துவர்கள் எந்தத் தடையும் இல்லாமல் அறுவை செய்துகொண்டிருந்தார்கள். ஆக்னஸுக்கு இது உறுத்தியது. ஐந்து முறை ரோமுக்குப் போய் விதியைத் தளர்த்தும்படி மன்றாடினார். பதில் வரவில்லை. 1913-ல் இறந்துபோனார்.

இறப்பதற்குச் சற்று முன் அவருக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. எழுதியவர் ஆஸ்திரியாவின் டிரோல் மலைநாட்டைச் சேர்ந்த ஆனா டெங்கல் என்ற இருபது வயதுப் பெண். மருத்துவ மறைப்பணிக்கு வர விரும்புகிறேன், என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தார். இந்தியாவில் தொழில் செய்ய பிரிட்டிஷ் பட்டம் தேவை, அயர்லாந்தின் கார்க் நகரில் போய்ப் படி என்று வழிகாட்டினார் ஆக்னஸ். இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை. டெங்கல் கார்க்கில் படித்துக்கொண்டிருந்தபோது முதல் உலகப்போர். ஆஸ்திரியக் குடிமகள் என்பதால் பிரிட்டிஷ் ஆட்சியின் கண்ணில் அவர் எதிரி நாட்டவர். காவல்துறையின் கண்காணிப்பில் இருந்தபடியே படித்து 1919-ல் பட்டம் பெற்றார். 1920-ல் ராவல்பிண்டி வந்து ஆக்னஸின் மருத்துவமனையில் பொறுப்பேற்றார்.

அதே 1920 பிப்ரவரியில்தான் மேரி குளோரியும் குண்டூரில் வந்து இறங்குகிறார். நான்காண்டுக் காத்திருப்பை அவர் வீணாக்கவில்லை. மகப்பேறு, பெண்கள் நோய், கண் மருத்துவம் என்று இந்தியாவில் எது உதவுமோ அதைப் பார்த்துப் படித்து 1919-ல் எம்.டி. பட்டத்தோடு கிளம்பினார். குண்டூர் அன்று சென்னை மாகாணம். திருச்சபை நிர்வாகத்திலும் சென்னைப் பேராயத்தின் கீழ். அங்கே இயேசு மரி சூசை சபையில் சேர்ந்து, திருஇருதய மேரி என்ற பெயரோடு துறவியானார். போப் பதினைந்தாம் பெனடிக்ட் அவருக்கென்று தனி அனுமதி வழங்கினார். கத்தோலிக்க உலகில் கன்னியாஸ்திரியாக இருந்தபடியே மருத்துவத் தொழில் செய்த முதல் பெண் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள்.

ஒரு விதிவிலக்கு கிடைத்துவிட்டது. அதை வைத்து அவர் செய்தது என்ன என்பதில்தான் எனக்கு ஈர்ப்பு. மருந்தகமாக இருந்ததைப் புனித சூசையப்பர் மருத்துவமனையாக வளர்த்தார். பல ஆண்டுகள் ஒரே டாக்டர் அவர்தான். தன் கை ஒன்று போதாது என்று கண்டவுடன், உள்ளூர்ப் பெண்களை மருந்து கலக்கவும் பிரசவம் பார்க்கவும் செவிலியர் வேலைக்கும் பழக்கினார். மெல்போர்னில் மருத்துவம் பார்த்த கை குண்டூரில் சொல்லிக்கொடுக்கும் கையாகவும் மாறியது. 1943-ல் சில கன்னியரோடு அவர் தொடங்கிய கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கம் இன்று நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி ஒன்று வேண்டும் என்று அவர் விடாமல் சொல்லிவந்தார். 1957-ல் பெங்களூரில் காலமானார். 1963-ல் அதே ஊரில் புனித ஜான் மருத்துவக் கல்லூரி பிறந்தது.

ராவல்பிண்டியிலிருந்த டெங்கலுக்கு விதிவிலக்கு போதவில்லை. ஒருத்திக்குக் கிடைத்த அனுமதியால் எத்தனை தாய்மாரைக் காப்பாற்ற முடியும்? இதையே பணியாகக் கொண்ட ஒரு சபை வேண்டும் என்பது அவர் எண்ணம். அமெரிக்கா போனார். 1925 செப்டம்பர் 30-ல், வாஷிங்டனில், இரண்டு மருத்துவர்கள், இரண்டு செவிலியர் என்று நான்கே பெண்கள் கூடி கத்தோலிக்க மருத்துவ மறைப்பணிச் சபையைத் தொடங்கினார்கள். சட்டம் இடம் தராததால் பகிரங்க வார்த்தைப்பாடு கொடுக்கவில்லை. கன்னியரைப் போலவே வாழ்ந்தார்கள். பெயரளவில் பக்த சங்கம். விதியை மீறவும் இல்லை, விதிக்குப் பயந்து வேலையை விடவும் இல்லை. இந்த நிதானம் சாதாரணமானதல்ல. விவிலியத்தின் தாலந்து உவமையில் எஜமானனிடம் வசை வாங்கியவன், கிடைத்ததை மண்ணில் புதைத்து வைத்த ஊழியன். 'மருத்துவத்தை விட்டுவிடுகிறேன் ஆண்டவரே, செபம் மட்டும் செய்கிறேன்' என்று அவர்கள் ஒதுங்கியிருந்தால் உலகம் அதைப் பணிவு என்றே புகழ்ந்திருக்கும்.

1936 பிப்ரவரி 11, லூர்து மாதா திருநாள். ரோமின் மறைபரப்புப் பேராயம் ஓர் அறிவுரையை வெளியிட்டது. அன்று அதன் தலைவர் கர்தினால் ஃபூமசோனி பியோந்தி. போப்பின் பிரதிநிதியாக இந்தியாவிலும் அமெரிக்காவிலும் இருந்தவர். மறைபரப்பு நாடுகளில் தாய்மாரையும் சிசுக்களையும் காக்கப் பெண் துறவியர் முன்வர வேண்டும், அதற்காக மருத்துவப் பட்டமும் செவிலியர் பட்டமும் பெற வேண்டும் என்றது அந்த அறிவுரை. நேற்றுவரை தடை, இன்று அழைப்பு. ஆக்னஸ் இறந்து 23 ஆண்டுகள் ஆகியிருந்தன. மறு ஆண்டே மேரி மார்ட்டின் என்ற அயர்லாந்துப் பெண் நைஜீரியாவில் இன்னொரு மருத்துவச் சபையைத் தொடங்கினார். டெங்கலின் சகோதரிகள் ராவல்பிண்டியிலிருந்து பாட்னாவரை மருத்துவமனைகளைத் திறந்தார்கள்.

அந்தப் பாட்னா மருத்துவமனையின் வாசலில் 1948-ல் ஒரு முன்னாள் பள்ளி ஆசிரியை வந்து நின்றார். லொரேட்டோ மடத்தை விட்டு வெளியே வந்திருந்த அவருக்கு ஊசி போடவும் பிரசவத்தில் உதவவும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த ஆண்டு முடியும் முன் அவர் கல்கத்தா திரும்பினார். பெயர் தெரசா.

(அடுத்த வாரம்: பாட்னாவில் சில மாதங்கள்)